ஒரு சொட்டு எவ்வளவுதான் தாங்கும்?

பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ்காரர்களுக்கு 'மின்னூட்டம் பெற்ற சோப்புக் குமிழி' என்றதும் ஞாபகம் வந்திருக்கும். எலெக்ட்ரோஸ்டேட்டிக்ஸ் பாடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஐந்து மார்க் கேள்வி. குமிழிக்கு சார்ஜ் கொடுத்தால் கொஞ்சம் உப்பும். உள்ளே அழுத்தம் இவ்வளவு, வெளியே இவ்வளவு, பரப்பு இழுவிசை இவ்வளவு என்று நாலு வரி எழுதி, கடைசிச் சமன்பாட்டைச் சுற்றி ஒரு பெட்டி போட்டால் மார்க் விழுந்துவிடும். படிச்சோம், எழுதினோம், மறந்தோம்.

அந்தப் பெட்டியைப் போட்டுவிட்டு பேனாவை மூடுகிறோம் பாருங்க, அங்கேதான் கதை ஆரம்பிக்குது. சார்ஜ் கொடுத்துக்கிட்டே போனா என்ன ஆகும்? உப்பிக்கிட்டே போகுமா? எங்கேயாவது நிக்குமா?

'இதெல்லாம் எதுக்கு சார், வேலைக்கா ஆகப்போகுது?' என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. இந்தக் கேள்விக்குள்ளே ஒரு நோபல் பரிசு இருக்கிறது. அணுகுண்டு இருக்கிறது. பிறந்து மூன்று நாளான குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தமும் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையா வாங்க.

சோப்புக் குமிழியை விட்டுவிட்டு ஒரு தண்ணீர்ச் சொட்டை எடுத்துக்குவோம். சொட்டு ஏன் உருண்டையா இருக்கு? பரப்பு இழுவிசை. மேற்பரப்பைக் குறைவாக வைத்துக்கொள்ள அது எப்போதும் சுருக்கிப் பிடிக்கும். அதற்கு சார்ஜ் ஏற்றினால் ஒரே இன சார்ஜுகள் ஒன்றையொன்று தள்ளும். ஆக, சொட்டுக்குள்ளே இரண்டு கட்சி. ஒன்று 'சேர்ந்து இருப்போம்' கட்சி, இன்னொன்று 'ஆளை விடு, நான் கிளம்பறேன்' கட்சி. சார்ஜ் கம்மியாக இருக்கும்வரை முதல் கட்சி ஆட்சி. ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஆட்சி கவிழும்.

அந்தக் கட்டம் எது என்று 1882-இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் லார்ட் ராலே. அப்போது கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் பேராசிரியர். (பின்னாளில் ஆர்கான் வாயுவைக் கண்டுபிடித்ததற்காக 1904-இல் நோபல் வாங்கியவரும் இவரேதான்.) கட்டுரை மொத்தமே இரண்டு பக்கத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அவருடைய யோசனை எளிமையானது. உருண்டையை லேசாக இழுத்து எலுமிச்சம்பழம் மாதிரி ஆக்கிப் பாருங்கள். மேற்பரப்பு கூடுகிறது, அது செலவு. சார்ஜுகள் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போகின்றன, அது வரவு. செலவு அதிகமாக இருக்கும்வரை சொட்டு மறுபடி உருண்டையாகிவிடும். வரவு அதிகமானால், எலுமிச்சை மேலும் நீளும், இன்னும் நீளும், திரும்பி வராது. வரவும் செலவும் சரிசமமாகும் இடம்தான் 'ராலே எல்லை'. சார்ஜுகளின் விலக்கு ஆற்றல், மேற்பரப்பு ஆற்றலைப் போல இரண்டு மடங்கு ஆகும்போது அந்த எல்லை வருகிறது.

அவர் தந்த சூத்திரத்தில் முக்கியமான விஷயம் ஒன்றுதான். சொட்டு தாங்கக்கூடிய சார்ஜ், அதன் ஆரத்தை மூன்றடுக்குக்கு உயர்த்தி, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் வருவதைப் பொறுத்தது. எண் போட்டுப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். ஒரு மைக்ரான் ஆரமுள்ள தண்ணீர்ச் சொட்டு சுமார் 1,25,000 எலெக்ட்ரான் அளவு சார்ஜைத் தாங்கும். பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அந்தச் சொட்டில் இருக்கும் மூலக்கூறுகள் சுமார் 14,000 கோடி! அதாவது பத்து லட்சம் மூலக்கூறுக்கு ஒரு சார்ஜ்கூடக் கிடையாது. இப்போது ஆரத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக, ஒரு நானோமீட்டராகக் குறையுங்கள். மூலக்கூறுகள் சுமார் 140 மட்டும். சார்ஜ்? நாலு. முப்பத்தைந்து பேருக்கு ஒரு சார்ஜ். சின்னச் சொட்டு, தன் எடைக்கு அதிகமாகவே சுமக்கிறது. சின்ன ஆளுக்குத் தெம்பு ஜாஸ்தி என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, எல்லையைத் தாண்டினால் எப்படி உடையும்? நம்மைக் கேட்டால் இரண்டு பாதியாக உடையும் என்போம். ராலே அப்படிச் சொல்லவில்லை. மெல்லிய தாரைகளாகப் பீய்ச்சி அடிக்கும் என்று அந்த இரண்டு பக்கத்திலேயே எழுதிவிட்டார். அதைப் படம் பிடித்துப் பார்க்க உலகத்துக்கு 121 வருஷம் ஆனது. 2003-இல் ஜெர்மனியின் இல்மெனாவ் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, எத்திலீன் கிளைகால் சொட்டு ஒன்றை மின்புலத்தாலேயே அந்தரத்தில் நிறுத்தியது. கார் ரேடியேட்டர் கூலன்ட்டில் ஊற்றுகிறோமே, அதே கிளைகால்தான். சொட்டு ஆவியாகி ஆவியாகி சுருங்கும். சார்ஜ் அப்படியே இருக்கும். ஆரம் 24 மைக்ரானுக்கு வந்தபோது எல்லை வந்துவிட்டது. உருண்டை நீண்டது, எலுமிச்சை ஆனது, இரண்டு முனையும் ஊசி மாதிரி கூர்மையானது, இரண்டு முனையிலிருந்தும் மெல்லிய தாரை பீய்ச்சியது, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி உருண்டை!

கணக்குப் பார்த்தார்கள். வெளியேறிய எடை வெறும் 0.3 சதவீதம். ஆனால் வெளியேறிய சார்ஜ் 33 சதவீதம். வீட்டை விட்டு ஓடிப்போகிறவன் பீரோவைத் தூக்கிக்கொண்டா போவான்? நகையை மட்டும் முடிந்துகொண்டு போவான். அதே டெக்னிக்.

இங்கே கொஞ்சம் பின்னால் போய் 1938 டிசம்பருக்கு வருவோம். ஸ்வீடனில் குங்கால்வ் என்ற சின்ன ஊர். பனியில் இரண்டு பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் லீஸ மைட்னர், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து அந்த வருஷம்தான் தப்பி வந்த இயற்பியலாளர். இன்னொருவர் அவருடைய அக்கா மகன் ஓட்டோ ஃப்ரிஷ். பெர்லினிலிருந்து ஓட்டோ ஹான் ஒரு கடிதம் எழுதியிருந்தார். யுரேனியத்தை நியூட்ரானால் அடித்தால் பேரியம் வருகிறது, எப்படின்னு புரியலை என்று. பேரியத்தின் எடை யுரேனியத்தில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஒரு அணுக்கரு எப்படிப் பாதியாக உடையும்?

மரக்கட்டை மேல் உட்கார்ந்து, கையில் இருந்த துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். அணுக்கருவை ஒரு திரவச் சொட்டாக நினைத்தால்? அதற்கும் ஒரு பரப்பு இழுவிசை உண்டு. உள்ளே 92 புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. யுரேனியம் ஏற்கெனவே எல்லைக்குப் பக்கத்தில் தத்தளிக்கும் சொட்டு. ஒரு நியூட்ரான் வந்து லேசாகத் தட்டினால் போதும், நீண்டு, இடுப்பு மெலிந்து, இரண்டாகும். பிரியும் துண்டுகள் சுமார் 200 மில்லியன் எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றலோடு பறக்கும். ராலேயின் அதே வரவு-செலவுக் கணக்கு. சொட்டு மட்டும் கோடிக்கணக்கான மடங்கு சின்னது.

1944-ஆம் வருஷத்து கெமிஸ்ட்ரி நோபல் ஹானுக்கு மட்டும் போனது. மைட்னருக்குக் கிடையாது. இதைப் பற்றி இன்றைக்கும் அறிவியல் உலகில் வருத்தப்படுகிறார்கள், வருத்தப்பட வேண்டியதுதான்.

நீல்ஸ் போரும் ஜான் வீலரும் இந்தச் சொட்டுக் கணக்கை முழுசாகச் செய்து கட்டுரை வெளியிட்டது 1939 செப்டம்பர் 1. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்து இரண்டாம் உலகப்போர் ஆரம்பித்த அதே தேதி. அவர்கள் கணக்கில் ஒரு அணுக்கரு எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு சுருக்கமான அளவுகோல் வருகிறது. புரோட்டான் எண்ணிக்கையை வர்க்கப்படுத்தி, மொத்தத் துகள் எண்ணிக்கையால் வகுங்கள். யுரேனியம்-238க்கு 35.6 வரும். சுமார் 50-ஐத் தொட்டால் சொட்டு ஒரு நொடிகூட நிற்காது. 2016-இல் ஓகனெஸான் என்று பெயர் சூட்டப்பட்ட 118-ஆம் தனிமத்துக்குப் போட்டுப் பாருங்கள், 47.4. விளிம்பில் ஒற்றைக் காலில் நிற்கிறது. தனிம அட்டவணை ஏன் நீண்டுகொண்டே போகவில்லை என்று யாராவது கேட்டால், இதுதான் பதில்.

எல்லையைத் தொடாவிட்டாலும் உடையலாம் என்பது இன்னொரு விஷயம். 1940-இல் சோவியத் விஞ்ஞானிகள் ஃப்ளியோரோவும் பெத்ர்ஜாக்கும் யுரேனியம் யாரும் தட்டாமலே தானாகவும் பிளக்கும் என்று காட்டினார்கள். விண்வெளிக் கதிர்கள் குறுக்கிட்டுக் குழப்பக் கூடாதே என்று சோதனையை மாஸ்கோ மெட்ரோ ஸ்டேஷனில், பூமிக்கடியில் செய்தார்கள். அப்படித் தானாகப் பிளப்பது அபூர்வத்திலும் அபூர்வம். வழியில் ஒரு மேடு இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் சரிவு. எல்லை என்பது அந்த மேடே காணாமல் போகும் இடம்.

இப்போ நடுவில் ஒரு காலி இடம் தெரிகிறதா? ஒரு பக்கம் மைக்ரான் சைஸ் சொட்டு. இன்னொரு பக்கம் அணுக்கரு. நடுவே பத்து, ஐம்பது, நூறு அணுக்கள் கூட்டாக நிற்கும் 'க்ளஸ்டர்'. தமிழில் கொத்து. திரவம் என்று சொல்ல முடியாத அளவு சின்னது, மூலக்கூறு என்று சொல்ல முடியாத அளவு பெரியது. இதற்கும் அந்தக் கணக்கு செல்லுமா?

1981-இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் சாட்லர், எக்ட், ரெக்நாகல் குழுவினர் இதைச் சோதித்தார்கள். செனான் கொத்து, ஈயக் கொத்து எல்லாம் செய்து, எலெக்ட்ரானால் அடித்து, ஒவ்வொரு கொத்திலிருந்தும் இரண்டு எலெக்ட்ரானை உருவி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விட்டார்கள். இங்கே ஒரு சிக்கல். அந்தக் கருவி எடையை அளக்காது. எடையை சார்ஜால் வகுத்தால் வருவதைத்தான் அளக்கும். இரண்டு சார்ஜுள்ள 40 அணுக் கொத்தும், ஒரு சார்ஜுள்ள 20 அணுக் கொத்தும் அதற்கு ஒன்றேதான். அப்போ எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒற்றைப்படைக் கொத்துகளைப் பாருங்கள்! 53 அணுவுக்கு இரண்டு சார்ஜ் என்றால் 26.5 என்ற இடத்தில் ஒரு கோடு விழும். ஒரு சார்ஜ் கொத்து எதுவும் அரையில் விழவே விழாது. அந்த அரைக் கோடுகள் எங்கிருந்து ஆரம்பிக்கின்றன என்று பார்த்தால் போதும். அருமையான ஐடியா இல்லையா? எனக்கு மொத்த விஷயத்திலும் பிடித்த இடம் இதுதான்.

செனானில் ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே அரைக் கோடுகள் இருந்தன. அதற்குக் கீழே துடைத்த மாதிரி காணோம். ஈயத்தில் முப்பது வாக்கில் அந்த எல்லை. அதாவது இரண்டு சார்ஜோடு சேர்ந்து வாழ செனானுக்கு ஐம்பது பேர் வேண்டும், ஈயத்துக்கு முப்பது பேர் போதும். செனான் மந்த வாயு. அணுக்கள் ஒன்றோடொன்று சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும். ஈயம் உலோகம், பிடி இறுக்கம். பிடி இறுக்கமாக இருந்தால் சின்னக் குடும்பமே தாங்கிவிடுகிறது. எண்ணிக்கை குறைந்த கொத்துகள் உண்டாகி, உடனே இரண்டாகச் சிதறிவிடுகின்றன. இந்தச் சிதறலுக்கு 'கூலும் வெடிப்பு' என்று பெயர். ஸ்கூலில் படித்த அதே கூலும் விதிதான்.

பிறகு சோடியம் கொத்துகளை வைத்துத் தோண்டினார்கள். இரண்டு சார்ஜ் தாங்க சுமார் 27 அணுக்கள் தேவை என்று தெரிந்தது. அங்கே ஒரு வேடிக்கை. உடையும்போது கொத்து பெரும்பாலும் சரிபாதியாக உடைவதில்லை. மூன்று சோடியம் அணுவும் ஒரு சார்ஜும் கொண்ட குட்டித் துண்டைத் துப்பிவிட்டு, மிச்சம் அப்படியே நிற்கிறது. ஏன் மூன்று? சோடியம் ஒவ்வொன்றுக்கும் கட்டில்லாத ஒரு எலெக்ட்ரான். மூன்று அணுவிலிருந்து ஒரு சார்ஜ் போனால் மிச்சம் இரண்டு எலெக்ட்ரான். ஹீலியம் மாதிரி ஜோடி சேர்ந்து நிம்மதியாக இருக்கும் எண். 1984-இல் பெர்க்லியில் வால்டர் நைட் குழுவினர் சோடியம் கொத்துகளில் 8, 20, 40 என்ற எண்ணிக்கைகள் மட்டும் எக்கச்சக்கமாக உண்டாவதைக் கண்டார்கள். இவற்றுக்கு 'மாய எண்கள்' என்றே பெயர். அணுக்கருவிலும் மாய எண்கள் உண்டு. அங்கேயும் 8, 20 வரும். சொட்டுக் கணக்கு மட்டும் போதாது, உள்ளே இருக்கிற ஆட்கள் எப்படி வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. ஓகனெஸான் ஒற்றைக் காலிலாவது நிற்கிறது என்றால், இந்த வரிசை தரும் கொஞ்சம் கூடுதல் பலத்தால்தான்.

யுரேனியம் மட்டும் ஏன் பெரிய பெரிய துண்டுகளாக உடைகிறது, சொட்டும் சோடியமும் ஏன் துப்புகின்றன? ஒரு முக்கியக் காரணம் சார்ஜ் இருக்கும் இடம். கடத்தும் சொட்டில் சார்ஜ் மேற்பரப்பில் ஓடி விளையாடும்; கூர்மையான முனை கிடைத்தால் அங்கே போய்க் குவிந்துவிடும். அணுக்கருவில் புரோட்டான்கள் உள்ளே முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. நகை பீரோவில் மொத்தமாக இருந்தால் எடுத்துக்கொண்டு ஓடலாம். வீடு முழுக்கச் செங்கலுக்குள் புதைத்திருந்தால் வீட்டையே பிளந்தால்தான் உண்டு.

கொத்துகளில் ஒரு பயில்வான் இருக்கிறான். அறுபது கார்பன் அணுக்கள் ஃபுட்பால் மாதிரி கோர்த்த ஃபுல்லரீன். 1985-இல் கண்டுபிடித்த க்ரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவருக்கும் 1996-இல் நோபல் வந்தது. 2003-இல் கனடாவில் லேசர் அடித்து அதிலிருந்து 12 எலெக்ட்ரான்களை உருவினார்கள். அப்போதும் உடையாமல் கருவி வரை வந்து சேர்ந்தது. ஒரே ஒரு மூலக்கூறு! செனானுக்கு இரண்டு சார்ஜுக்கே ஐம்பது பேர் வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

எதிர்த் திசையில் ஒரு விளையாட்டும் உண்டு. ஒன்றிரண்டு இல்லாமல், கொத்தில் உள்ள எல்லா எலெக்ட்ரானையும் ஒரே அடியில் உருவிவிட்டால்? 1999-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் டியூட்டீரியம் கொத்துகள் மேல் அதிவேக லேசர் துடிப்பை அடித்தார்கள். கொத்துகள் வெடித்துச் சிதறி, சிதறிய அணுக்கருக்கள் பக்கத்துக் கொத்தின் அணுக்கருக்களோடு மோதி இணைந்து, நியூட்ரான்கள் வந்தன. மேஜை மேல் வைக்கிற அளவு லேசரில் அணுக்கரு இணைவு! மின்சாரம் எடுக்க இது உதவாது, போடும் ஆற்றலில் துளிகூடத் திரும்பி வராது. ஆனாலும் நினைத்துப் பார்க்கவே குஷியாக இருக்கிறது. இப்படிக் கொத்துகளை லேசரில் வெடிக்கவிடும் ஆராய்ச்சியை மும்பை டாடா ஆய்வு நிறுவனத்திலும் செய்திருக்கிறார்கள்.

சரி, கடைசி பெஞ்ச் நண்பர் காத்துக்கொண்டிருக்கிறார். வேலைக்கு ஆகுமா?

1960-களில் மால்கம் டோல் என்ற அமெரிக்க வேதியியலாளர், கார்களுக்கு மின்னூட்டிய பெயின்ட் ஸ்ப்ரே அடிப்பதைப் பார்த்தார். அவருக்கு ஒரு யோசனை. பெரிய மூலக்கூறுகளைக் கரைசலில் கரைத்து, சார்ஜுள்ள சொட்டுகளாக ஸ்ப்ரே பண்ணினால்? சொட்டு ஆவியாகும், ராலே எல்லை வரும், குட்டி போடும். குட்டி சுருங்கும், மறுபடி எல்லை, மறுபடி குட்டி. கடைசியில் ஒரு சொட்டுக்கு ஒரே ஒரு மூலக்கூறு, அதன் மேல் கொஞ்சம் சார்ஜ். திரவம் போய்விட்டால் மிச்சம் இருப்பது உடையாத, சார்ஜுள்ள, காற்றில் மிதக்கும் ராட்சத மூலக்கூறு! 1968-இல் கட்டுரை எழுதினார். ஐடியா பிரமாதம். ஆனால் அவரிடம் இருந்த கருவியால் அவ்வளவு பெரிய எடையை அளக்க முடியவில்லை.

ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், புரோட்டீனைச் சூடாக்கி ஆவியாக்க முடியாது. முட்டையைச் சூடாக்கினால் ஆவியாகுமா? ஆம்லெட்தான் ஆகும். அதை உடைக்காமல், வேகவைக்காமல் எடை மெஷினில் ஏற்றுவதுதான் பிரச்னை.

அதைச் சாதித்தவர் ஜான் ஃபென். யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அடிப்படையில் வாயுத் தாரை நிபுணர், உயிரியல் ஆளே இல்லை. டோலின் கட்டுரையைப் படித்தவர் விடவில்லை. 1984-இல் யமாஷிடா என்ற ஜப்பானியரோடு சேர்ந்து சின்ன மூலக்கூறுகளில் செய்து காட்டினார். (அதே வருஷம் லெனின்கிராடில் ஒரு குழுவும் தனியாக இதைச் செய்தது.) 1987-இல் எழுபது வயது ஆனதால் யேல் விதிப்படி ஓய்வு. வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டிய வயசில், அடுத்த வருஷமே ஒரு மாநாட்டில் எழுந்து, ஹைட்ரஜனைப் போல 40,000 மடங்கு எடையுள்ள புரோட்டீன்களைப் பறக்கவிட்டதைச் சொன்னார். மூலக்கூறு யானைகளுக்கு இறக்கை கட்டினேன் என்பது பிற்பாடு நோபல் மேடையில் அவர் செய்த ஜோக்.

அதிர்ஷ்டமும் ராலே ரூபத்தில்தான் வந்தது. சொட்டு பெரிய மூலக்கூறுக்கு ஒரு சார்ஜ் அல்ல, பல சார்ஜ் கொடுத்துவிட்டுப் போகிறது. முட்டை வெள்ளையில் இருக்கும் லைசோசைமின் எடை சுமார் 14,300. சுருண்ட நிலையிலேயே அதைப் பறக்கவிட்டால் அதன் மேல் எட்டு, ஒன்பது சார்ஜ் உட்கார்ந்திருக்கும். அதே சைஸ் தண்ணீர்ச் சொட்டின் ராலே எல்லையைக் கணக்குப் போட்டாலும் ஒன்பதுதான் வரும்! சொட்டு உயிரை விடும்போது தன் சொத்தை அப்படியே புரோட்டீன் பெயரில் எழுதிவைத்துவிட்டுப் போகிறது. 14,300-ஐ ஒன்பதால் வகுத்தால் சுமார் 1,590. சாதாரண மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கே எட்டும் எண். யானையை எடை போட லாரி வே-பிரிட்ஜ் தேவையில்லாமல் போனது. எல்லா மூலக்கூறும் இப்படித்தான் வெளியே வருகிறதா என்றால், இல்லை. சின்ன அயனிகள் சொட்டு முழுக்கக் காயும்வரை காத்திருக்காமல் மேற்பரப்பிலிருந்தே குதித்துவிடுகின்றன என்று 1976-இல் இரிபார்ன், தாம்சன் சொன்னது பெரும்பாலும் சரி. பெரிய புரோட்டீன்களுக்கு டோல் சொன்ன வழி.

2002-இல் கெமிஸ்ட்ரி நோபல். ஃபென்னுக்கு 85 வயது. அதே பரிசில் பங்கு வாங்கிய கோய்ச்சி தனாகாவுக்கு 43. அவர் வேறு ரூட்டில், லேசர் வைத்து புரோட்டீனைப் பறக்கவிட்டவர். கியோட்டோவில் ஷிமாட்ஸு கம்பெனி இன்ஜினீயர், எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங்கில் வெறும் இளநிலைப் பட்டம், பிஎச்.டி. கிடையாது. தப்பாகக் கலந்துவிட்ட ஒரு கரைசலை, கொட்ட மனசில்லாமல் அப்படியே சோதித்ததில் வந்த கண்டுபிடிப்பு. டிகிரிக்கு என்ன மதிப்பு என்று ஹாஸ்டலில் விவாதம் வந்தால் இவரை இழுக்கலாம். ஆனால் அரியரை நியாயப்படுத்த இவரை இழுக்காதீர்கள்.

ஃபென் கதையில் கசப்பும் உண்டு. காப்புரிமையைத் தன் பெயரில் வாங்கி, தான் பங்கு வைத்திருந்த கம்பெனிக்குக் கொடுத்திருந்தார். யேல் வழக்காடியது. 2005-இல் தீர்ப்பு. கண்டுபிடிப்பின் மதிப்பைப் பல்கலைக்கழகத்திடம் குறைத்துச் சொன்னார் என்று கோர்ட் முடிவு செய்து, காப்புரிமையை யேலுக்கு மாற்றியது. வக்கீல் செலவும் சேர்த்து அவர் கட்ட வேண்டியது பத்து லட்சம் டாலருக்கு மேல். அவரோ, யேலுக்கு இதில் அக்கறையே இருக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2010 டிசம்பரில் 93 வயதில் காலமானார். யார் பக்கம் நியாயம்? சட்டம் யேல் பக்கம். ஆனால் ஓய்வு கொடுத்து அனுப்பிய ஆளின் வேலைக்கு, காசு வரும்போது மட்டும் உரிமை கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. ரிசர்ச் பக்கம் போகிறவர்கள், சேரும்போது கையெழுத்துப் போடும் காகிதத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

இப்போது அந்தக் குதிகால் சொட்டு. குழந்தை பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி ரத்தத்தை ஒரு காகிதத்தில் உறிஞ்சி எடுப்பார்கள். அதைக் கரைத்து, எலெக்ட்ரோஸ்ப்ரேயில் சொட்டாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விட்டால், பல பிறவி வளர்சிதைக் கோளாறுகளை ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். ஃபினைல்கீட்டோனூரியா என்று ஒன்று. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைக் குழந்தையின் உடம்பால் செரித்துத் தீர்க்க முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைப் பாதிக்கும். முதல் வாரங்களிலேயே தெரிந்தால் சாப்பாட்டை மாற்றினால் போதும், குழந்தை மற்ற குழந்தைகள் போலவே வளரும். தெரியாமல் விட்டால், பாதித்த மூளை திரும்பாது. இன்னொரு கோளாறில் குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். காய்ச்சலில் ஒருவேளை சாப்பிடாமல் தூங்கினால், காலையில் எழுந்திருக்காமலே போகலாம். இதுவும் அதே சொட்டில் தெரியும். பல நாடுகளில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் இந்த டெஸ்ட் உண்டு. நம் நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் கட்டாயம் என்ற நிலை இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டில் அக்காவோ அண்ணியோ பிரசவத்துக்குப் போகிறார்கள் என்றால், டாக்டரிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

நம்ம ஊர்ச் செய்தி ஒன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு 2024-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. குவார்ட்ஸ், ரூபி போன்ற கனிமத் துகள்களைத் தண்ணீரில் கலந்து, சார்ஜுள்ள குட்டிச் சொட்டுகளாக எலெக்ட்ரோஸ்ப்ரே செய்தார்கள். சொட்டு பறந்து போகும் சில மில்லி செகண்டுகளில், மைக்ரான் சைஸ் துகள் சில நானோமீட்டர் துண்டுகளாகப் பொடிந்துவிட்டது. இடித்து அரைக்கவில்லை, ஆசிட் ஊற்றவில்லை. தண்ணீரும் சார்ஜும் மட்டும்! பாறை தேய்ந்து மண்ணாவதற்கு இயற்கை யுகக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் இந்த வேலையில், மேகத்திலும் சாரலிலும் இருக்கும் சார்ஜுள்ள சொட்டுகளுக்கும் பங்கு இருக்கலாம் என்பது அவர்கள் யோசனை. உள்ளே என்ன நடக்கிறது என்பதில் இன்னும் ஆராய நிறைய இருக்கிறது. கிண்டி பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கம்போல ஒரு கணக்கு. ஒரு நானோமீட்டர் ஆரச் சொட்டு நாலு சார்ஜ் தாங்கும் என்று பார்த்தோம். பத்து நானோமீட்டர் ஆரமுள்ள சொட்டு எத்தனை தாங்கும்? கால்குலேட்டர் கூட வேண்டாம். 125-ஐ ஒட்டி வந்தால் சபாஷ். 4,000 வந்தால், வர்க்கமூலம் எடுக்க மறந்துட்டீங்க.